‘அடையாளம் தெரியாத’: ஒரு புகாருக்கு உரை

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவன் நான். செய்யுள் எதுவானாலும் வரிசை ஒன்றுதான்: மூலத்தை வாய்விட்டுப் படிப்பது, பதவுரை, பொழிப்புரை, கடைசியில் இலக்கணக் குறிப்பு. மூலத்தில் இருப்பதைச் சொல்பவர் அரை உரைகாரர், மூலம் சொல்லாமல் விட்டதைத் தேடிப் பிடிப்பவரே முழு உரைகாரர் என்று மாணவர்களிடம் அடிக்கடி சொல்வேன். இங்கே உரை எழுத எடுத்துக்கொண்டிருப்பது ஏழே வாக்கியம் உள்ள ஒரு நூல். ஆசிரியர் இருவர். ஒருவன் நான், மற்றவர் காவல் நிலைய ரைட்டர்.

நூல் வந்த வழி இது. 2025-ம் ஆண்டு மாசி மாதம், விடிவதற்கு முன், தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் சாலையில் சைக்கிளில் போன என்னைப் பின்னாலிருந்து ஒரு வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. அன்று பிற்பகல் மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி நான் சொன்னேன், ரைட்டர் எழுதினார். நான் சொன்னது ஒரு தமிழ், தாளில் இறங்கியது வேறு தமிழ். எஃப்.ஐ.ஆரோடு அதன் நகலையும் சட்டப்படி இலவசமாகக் கொடுத்தார்கள். கை தூக்குக்கட்டில் கிடந்த ஆறு வாரமும் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். ஊர்ப் பெயர்களை மட்டும் நீக்கிவிட்டு மூலத்தைத் தருகிறேன்.

மூலம்

‘நான் மேற்படி முகவரியில் குடும்பத்துடன் வசித்து வருகிறேன். இன்று காலை சுமார் 5.40 மணியளவில் எனக்குச் சொந்தமான மிதிவண்டியில் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிச் சாலையின் இடதுபுறமாகச் சென்றுகொண்டிருந்தேன். அப்போது எனக்குப் பின்னால் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் வந்த அடையாளம் தெரியாத நான்கு சக்கர வாகனம் எனது மிதிவண்டியின் பின்பக்கம் மோதி, நிற்காமல் சென்றுவிட்டது. மோதியதில் நான் கீழே விழுந்து வலது தோள்பட்டையில் பலத்த காயமும் உடம்பில் சிராய்ப்புக் காயங்களும் ஏற்பட்டன. அக்கம் பக்கத்தினர் என்னை மீட்டு 108 ஆம்புலன்ஸ் மூலம் மருத்துவமனையில் சேர்த்தனர். எனவே மேற்படி வாகனத்தைக் கண்டுபிடித்து அதன் ஓட்டுநர் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருந்தது.’

‘குடும்பத்துடன் வசித்து வருகிறேன்’

பாயிரம் போன்ற வாக்கியம். அதிகாலையில் சாலையில் கிடந்தவன் வீடு வாசல் உள்ளவன்தான் என்று நிறுவுவதே இதன் வேலை. ‘குடும்பத்துடன்’ என்பதற்குள் என் மனைவி இருக்கிறாள். “அந்த ரோட்டுக்குப் போகாதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்” என்று கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அவள் சொன்னதை ரைட்டர் கேட்டார். எழுதவில்லை.

‘சாலையின் இடதுபுறமாக’

இந்தச் சொல்லை நான் சொல்லவில்லை. “ஓரமாத்தான் போனேன்” என்றேன். ‘ஓரம்’ ரைட்டருக்குப் போதவில்லை, ‘இடதுபுறம்’ ஆக்கினார். நான் தவறான பக்கத்தில் வரவில்லை என்பது முதலிலேயே பதிவாக வேண்டும் என்பது அவருடைய அனுபவம். கேடயம் போல ஒரு சொல். அதற்காக அவருக்கு நன்றி.

ஆனாலும் உரைகாரன் உண்மை சொல்ல வேண்டும். மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர் இருந்தது. அதில் அப்பியிருந்த சேற்றைக் கடைசியாக எப்போது துடைத்தேன் என்பது நினைவில் இல்லை. டைனமோ பழுதாகி ஒரு வருஷம் ஆகிறது. தலையில் பனிக்காக ஒரு துண்டு, அவ்வளவுதான், தலைக்கவசம் இல்லை. சைக்கிளுக்கு அதை யாரும் கேட்பதில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. இவை எதுவும் மூலத்தில் இல்லை. என் ரிஃப்ளெக்டரில் சேறு இருந்தது என்பதற்காக இன்னொருவர் என்னை விட்டுவிட்டுப் போகலாம் என்று ஆகிவிடாது என்பதால் இங்கே தயங்காமல் சொல்கிறேன்.

அந்தச் சாலை ஆறுகளைத் தாண்டித் தாண்டிப் போவது. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. ஐந்து பாலம். ஒவ்வொன்றிலும் ஏறும்போது சைக்கிள் கொஞ்சம் மூச்சுவாங்கும், இறங்கும்போது காற்று காதில் பாடும். அந்தச் சுகத்துக்காகத்தான் பத்து வருஷமாகப் போய்க்கொண்டிருந்தேன். சம்பா அறுவடைக் காலமாதலால் நெல் லோடு வண்டிகள் இரவும் பகலும் ஓடும். அவற்றின் நேரம் எனக்கும் தெரியும், என் நேரம் அவற்றுக்கும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

‘எனக்குப் பின்னால் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் வந்த’

“வேகமா வந்துச்சா சார்?” என்று ரைட்டர் கேட்டார். “தெரியலீங்களே, பின்னாலதானே வந்துச்சு” என்றேன். “வேகமா வராம எப்படி சார் இப்படி அடிக்கும்?” என்றார். தர்க்கத்தில் குறையில்லை.

நான் பார்த்தது வேகத்தை அல்ல, நிழலை. இருட்டில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியும். பின்னால் வண்டி வந்தால் அதன் வெளிச்சத்தில் நம் நிழல் நமக்கு முன்னே நீண்டு விழும். வண்டி நம்மைத் தாண்டுவதற்காக வலப்பக்கம் ஒதுங்க ஒதுங்க, நிழல் இடப்பக்கமாகச் சரிந்து, சாலையை விட்டு இறங்கி, வயலில் ஓடி மறையும். பத்து வருஷம் அந்த நிழலைப் பார்த்துப் பார்த்து, திரும்பிப் பார்க்காமலே எந்த வண்டி எவ்வளவு ஒதுங்குகிறது என்று சொல்லும் அளவுக்குப் பழகியிருந்தேன். அன்று நிழல் முன்னே விழுந்தது, சக்கரக் கம்பிகள் எல்லாம் தெரியும்படி கருப்பாக ஆனது, ஆனால் நகரவில்லை. நேராகவே நின்றது. ‘ஏன் இன்னும் சரியவில்லை’ என்று நினைத்தேன். அந்த நினைப்பு முடிவதற்குள் கீழே கிடந்தேன்.

மணிக்கு அறுபது கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு நொடியில் பதினாறு மீட்டருக்கு மேல் கடந்துவிடும். எனக்குக் கிடைத்தது அந்த ஒரு நொடியாக இருக்கலாம்.

‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்ற இரட்டைச் சொல் மோனைக்காக வந்ததில்லை, சட்டத்துக்காக வந்தது. பொதுவழியில் பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி கண்மூடித்தனமாகவோ கவனக்குறைவாகவோ ஓட்டுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ம் பிரிவில் குற்றம். அப்படிப்பட்ட செயலால் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால் 125-ம் பிரிவு. அது கொடுங்காயமாக இருந்தால் 3 ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு. 2024 ஜூலை 1-க்கு முன்பு இந்த வேலையை இந்திய தண்டனைச் சட்டத்தின் 279, 337, 338 ஆகிய பிரிவுகள் செய்துவந்தன. பிரிவுகளின் எண் மாறினாலும் ரைட்டரின் இரட்டைச் சொல் அப்படியே நிற்கிறது.

ஆனால் ‘அஜாக்கிரதை’யில் எனக்கு ஒரு சந்தேகம். சாலையில் கிடைத்தது ஆரஞ்சு நிற இண்டிகேட்டர் ஓட்டில் ஒரு துண்டு, உள்ளங்கை அகலம். இடத்தைப் பார்த்து மகஜர் எழுதியபோது அதுவும் ஏறியது. என் மேல் பட்டது வண்டியின் முன்பக்க இடது மூலை மட்டும்தான் என்று அதிலிருந்து தெரிகிறது. நேராக வந்த வண்டியின் மூலை மட்டும் பட வேண்டுமானால், கடைசிக் கணத்தில் ஸ்டியரிங் வலப்பக்கம் வெட்டப்பட்டிருக்க வேண்டும். அப்படியானால் ஓட்டியவர் என்னைப் பார்த்திருக்கிறார். தாமதமாக, ஆனால் பார்த்திருக்கிறார். நான் பிழைத்ததற்கு அந்த வெட்டும் ஒரு காரணம். என்னை இடித்த அதே கைதான் என்னைக் காப்பாற்றவும் பார்த்தது. இதை எந்தப் பிரிவில் எழுதுவது?

‘அடையாளம் தெரியாத நான்கு சக்கர வாகனம்’

நூலின் உயிர்நிலை இந்தச் சொற்றொடர்.

இலக்கணக் குறிப்பு: ‘தெரியாத’ என்பது எதிர்மறைப் பெயரெச்சம். தெரிதல் என்ற வினைக்கு ஒரு நான்காம் வேற்றுமை வேண்டும்: எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். இங்கே அந்தக் ‘கு’ வெளியே தெரியாமல் தொக்கி நிற்கிறது. யாருக்கு அடையாளம் தெரியாத வாகனம்? எனக்குத் தெரியாது. காவல் நிலையத்துக்குத் தெரியாது. வழியில் இருந்த இரண்டு கேமராக்களில் ஒன்று வேலை செய்யவில்லை, மற்றதில் முகப்பு வெளிச்சத்தின் வெள்ளைப் பூச்சுதான் இருந்தது. ஆக அவற்றுக்கும் தெரியாது. ஆனால் ஓட்டியவருக்குத் தெரியும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவருக்கும் தெரியும். உடைந்த இண்டிகேட்டரைப் பார்த்து முதலாளி கேட்டிருப்பார், அவருக்கு ஏதோ ஒன்று தெரியும். புது ஓடு மாட்டிய கடைக்காரருக்கும் பாதி தெரியும். குறைந்தது நாலு பேருக்குத் தெரிந்த ஒன்றை மொழி ‘தெரியாத’ என்று சொல்லி முடித்துவிடுகிறது. தொக்கி நிற்கும் அந்தக் ‘கு’வை விரித்துப் பார்த்தால்தான் இது விளங்கும்.

அடுத்தது திணை. இந்த வாக்கியத்துக்கு எழுவாய் வாகனம். மோதியதும் வாகனம், சென்றதும் வாகனம். ஓட்டியவர் கடைசி வேண்டுகோளில்தான் தலைகாட்டுகிறார். அதுவரை அஃறிணை ஒன்று தானாக வந்து தானாக இடித்துத் தானாகப் போயிருக்கிறது. இதில் ஒரு வசதியும் உண்டு. ‘அவன்’ என்பதா ‘அவர்’ என்பதா என்ற சிக்கல் வராது. என் மனைவிக்கு அவன் ‘பாவி’. பால்காரருக்கு ‘நாசமாப் போறவன்’. எனக்குத்தான் எந்த விகுதி போடுவதென்று புரியவில்லை. வயது தெரியாது, முகம் தெரியாது. இருபது வயசுப் பையனாகவும் இருக்கலாம், என்னைவிடப் பெரியவராகவும் இருக்கலாம். என்னிடம் படித்த மாணவனாகக்கூட இருக்கலாம். அதனால் இந்த உரை முழுக்க ‘ஓட்டியவர்’ என்றே வைத்துக்கொள்கிறேன். இது மரியாதைக்காக இல்லை. அவரை உயர்திணையில் வைத்தால்தான் அவர் செய்ததற்கு அவர் பொறுப்பு. வண்டியை யாரும் கூண்டில் ஏற்ற முடியாது.

‘நிற்காமல் சென்றுவிட்டது’

இங்கே ஒரு பாடபேதம் உண்டு.

நான் விழுந்தபோது முகம் வடக்கே, வண்டி போன திசையில் இருந்தது. முப்பது நாற்பது அடி தள்ளி இரண்டு சிவப்பு விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. பிரேக் விளக்கு. வண்டி நின்றது. இன்ஜின் அணையவில்லை. கதவு திறக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன் என்பது இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது. மூன்று மூச்சு விட்டிருப்பேன். பிறகு சிவப்பு மங்கியது, கியர் விழுந்த சத்தம் கேட்டது, விளக்குகள் சிறுத்துப் பனிக்குள் போய்விட்டன.

இதைச் சொன்னேன். ரைட்டர் பேனாவைத் தூக்கினார். “நின்னுச்சா போச்சா சார்? ஒண்ணச் சொல்லுங்க.”

“நின்னுட்டுப் போச்சு.”

“போயிருச்சுல்ல? அப்ப நிற்காமத்தான் போச்சு.”

அவர் சொன்னது தப்பில்லை. சட்டத்தின் கண்ணில் ‘நிற்றல்’ என்பது சக்கரம் நிற்பதில்லை, மனிதன் இறங்குவது. மோட்டார் வாகனச் சட்டம் 134-ம் பிரிவு, விபத்தில் சிக்கிய வண்டியின் ஓட்டுநர் காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. கூடவே ஒரு விலக்கும் தருகிறது: கூட்டத்தின் கோபத்தாலோ தன் சக்திக்கு மீறிய வேறு காரணத்தாலோ அது முடியாமல் போனால் தவிர. ஊர் கூடி அடிக்கும் என்ற பயம் சட்டத்துக்கும் தெரிந்திருக்கிறது. அதோடு விடவில்லை. அப்படிப் போனவரும் அருகிலுள்ள காவல் நிலையத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும், ஏன் உதவ முடியவில்லை என்பதையும் சேர்த்து. அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள். ஓடியவர் திரும்பி வருவதற்காக ஒரு பகலும் ஓர் இரவும் திறந்து வைத்த கதவு அது. என் வழக்கில் அந்தக் கதவு வழியே யாரும் வரவில்லை.

அந்த மூன்று மூச்சில் என்ன நடந்தது? அடுத்த வாக்கியத்தில் வரப்போகிறவர்கள் அப்போது டார்ச் விளக்கோடு என்னை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தார்கள். ஓட்டியவர் பக்கக் கண்ணாடியில் அந்த வெளிச்சங்களைப் பார்த்திருக்க வேண்டும். ‘ஆள் வந்துவிட்டது, இனி பார்த்துக்கொள்வார்கள்’ என்று நினைத்தாரா? ‘ஆள் வந்துவிட்டது, இனி மாட்டிக்கொள்வோம்’ என்று நினைத்தாரா? இரண்டுக்கும் அதே டார்ச்தான், அதே கியர்தான். எது சரி என்று ஆறு வாரம் யோசித்தும் தீரவில்லை. ‘சென்றுவிட்டது’ என்பதில் உள்ள ‘விடு’ என்னும் துணைவினை முடிந்துபோனதைக் குறிக்கும். நூலில் அது முடிந்துபோயிற்று.

‘நான் கீழே விழுந்து… காயங்கள் ஏற்பட்டன’

மாணவன் எழுதியிருந்தால் அரை மதிப்பெண் குறைத்திருப்பேன். ‘விழுந்து’ என்ற வினையெச்சத்துக்கு எழுவாய் ‘நான்’; முடிக்கும் வினையான ‘ஏற்பட்டன’வுக்கு எழுவாய் ‘காயங்கள்’. ஒருவர் தொடங்கி வேறொருவர் முடிக்கிறார். அன்று நடந்ததும் ஏறக்குறைய அப்படித்தான் என்பதால் விட்டுவிடுகிறேன். சைக்கிளில் இருந்தவன் ஒருவன், தரையில் கிடந்தது இன்னொன்று.

‘பலத்த காயம்’ என்பது வழக்குச் சொல். சட்டத்தின் சொல் ‘கொடுங்காயம்’. எவை கொடுங்காயம் என்று சட்டம் எட்டு வகையாக வகுத்திருக்கிறது. எலும்பு முறிவும் பல் முறிவும் ஏழாவது. எட்டாவதில், கடுமையான வலியிலோ தன் அன்றாட வேலையைச் செய்ய முடியாமலோ 20 நாள் கிடந்தால் என்றிருந்ததைப் புதிய சட்டம் 15 நாளாகக் குறைத்திருக்கிறது. எனக்கு ஏழாவதே போதுமானதாக இருந்தது.

முறிந்தது வலது காறை எலும்பு. காறை என்றால் கழுத்தில் அணியும் நகை. அது கிடக்கும் இடத்தில் இருப்பதால் அந்தப் பெயர். மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். லேசாக வளைந்து நெளிந்த ஒரு குச்சி, நட்ட நடுவில் இரண்டாகி, ஒரு நுனி மேலே ஏறியிருந்தது. “சைக்கிள்லேருந்து தோள் அடிபட விழுந்தா முதல்ல இதுதான் சார் போகும்” என்றார். கையை உடம்போடு எலும்பால் இணைப்பது இந்த ஒன்றுதானாம். தோளில் விழுந்த அடி நெஞ்செலும்புக்குப் போக இதைத் தவிர வழி இல்லை. அடியைத் தான் வாங்கிக்கொண்டு உடைந்து, உள்ளே போகாமல் தடுத்திருக்கிறது. அறுவை வேண்டாம், தூக்குக்கட்டு போதும் என்றார்கள். தலை தரையில் படாமல் போனது என் சாமர்த்தியம் அல்ல.

சைக்கிளைப் பற்றி மூலம் பேசவே இல்லை. பின்சக்கரம் அப்பளத்தை மடக்கியது போல ஆகிவிட்டது. கடைக்காரர் அதைச் சுற்றிவிட்டுப் பார்த்தார், ஒரு முழுச் சுற்று வரவில்லை. சக்கரம் லேசாகக் கோணினால் கம்பிகளை ஒரு பக்கம் இறுக்கி மறுபக்கம் தளர்த்திக் கோட்டம் எடுத்துவிடுவார். சின்ன வயசிலிருந்து அதைப் பார்த்து வியந்திருக்கிறேன். “இது கோட்டம் எடுக்கிற கேஸ் இல்லீங்கய்யா, ரிம்மையே மாத்தணும்” என்றார். காறை எலும்பு தானே கூடிக்கொண்டது. ரிம் கூடவில்லை.

‘அக்கம் பக்கத்தினர் என்னை மீட்டு’

அக்கமும் இல்லை, பக்கமும் இல்லை. அங்கே வீடே கிடையாது. சாலையோரம் நேரடி நெல் கொள்முதல் நிலையம் ஒன்று உண்டு. அறுத்துக் கொண்டுவந்த நெல்லைக் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடி, தங்கள் முறை வரும்வரை விவசாயிகள் குவியலுக்குப் பக்கத்திலேயே படுத்துக் காவல் காப்பார்கள். அப்படிக் காத்தவர்கள் மூன்று பேர். ரைட்டர் அவர்களை ‘அக்கம் பக்கத்தினர்’ ஆக்கினார்.

மூன்று பேரும் மூன்று வேலை செய்தார்கள். ஒருவர் என்னிடம் வராமல், எனக்குத் தெற்கே இருபது தப்படி தள்ளி நடுச்சாலையில் நின்று டார்ச்சை ஆட்டிக்கொண்டே இருந்தார். அடுத்து வருகிற வண்டி என் மேல் ஏறிவிடக் கூடாது என்று முதலில் நினைத்தவர் அவர். இரண்டாமவர் 108-க்குப் போன் போட்டு, எந்தப் பாலத்துக்கும் எந்தப் பாலத்துக்கும் நடுவே என்று சரியாக வழி சொன்னார். மூன்றாவது ஒரு அம்மா. என் பக்கத்தில் உட்கார்ந்து, “அசையாதீங்க அண்ணே, எந்திரிக்கப் பாக்காதீங்க” என்று சொல்லிக்கொண்டே, நெல்லை மூடியிருந்த சாக்கு ஒன்றை மடித்து என் கைக்கு அடியில் கொடுத்தார். அந்தச் சாக்கின் வாசனை, பச்சை நெல்லும் ஈரமும் கலந்தது, இப்போதும் மூக்கில் இருக்கிறது. தண்ணீர் கேட்டேன். “ஆஸ்பத்திரில குடுப்பாங்க, இப்ப வேணாம்” என்று உதட்டை மட்டும் துண்டால் நனைத்துவிட்டார்.

முன்பெல்லாம் விபத்தில் கிடப்பவனைத் தூக்கினால் சாட்சி, கோர்ட் என்று அலைய வேண்டும் என்ற பயம் இருந்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, நல்லெண்ணத்தில் உதவுகிறவர்களுக்குப் பாதுகாப்பு கொடுத்துவிட்டார்கள். பெயர் சொல்லும்படி அவர்களை வற்புறுத்தவும் கூடாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் அப்படித்தான். அந்த மூவருக்கும் பிரிவும் தெரியாது, திட்டமும் தெரியாது. ஆம்புலன்ஸ் கதவு சாத்தும் முன் பேர் கேட்டேன். “பேரு எதுக்குங்க, நல்லாகி வாங்க” என்றார் அந்த அம்மா.

இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன். கொள்முதல் முடிந்து களம் காலியாகக் கிடந்தது. நெல்லோடு வந்தவர்கள் நெல்லை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். ஆக, இந்த நூலில் அடையாளம் தெரியாதவர்கள் இரண்டு தரப்பு. விட்டுப் போனவருக்கு மட்டும் அந்த அடைமொழி கிடைத்திருக்கிறது.

‘கண்டுபிடித்து… சட்டப்படி நடவடிக்கை எடுக்குமாறு’

கண்டுபிடிக்கப்படவில்லை. இந்தச் சாலையில் போகும் லோடு வண்டிகளில் இண்டிகேட்டர் உடையாதது எது என்று ரைட்டரே கேட்டார்.

இங்கேதான் ‘அடையாளம் தெரியாத’ என்ற தொடர் இன்னொரு வேலை செய்கிறது. வண்டி கிடைத்தால் நான் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போய் அதன் காப்பீட்டு நிறுவனத்திடம் இழப்பீடு கேட்கலாம். கிடைக்காவிட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 161-ம் பிரிவு: கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய், உயிரிழப்புக்கு 2 லட்சம். முன்பு இது 12,500-ம் 25,000-மாக இருந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள திட்டத்தின்படி வருவாய்த்துறை அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். பின்னாளில் வண்டி அகப்பட்டு வேறு இழப்பீடு கிடைத்தால் இதைத் திருப்பித் தர வேண்டும். அதாவது அவர் தெரியாதவராகவே இருக்கும்வரைதான் இந்தப் பணம் எனக்கு. நானும் அவரும் ஒரே சொல்லின் இரண்டு பக்கமும் சாய்ந்து நிற்கிறோம்.

இப்படி ஒரு திட்டம் இருப்பதே பலருக்குத் தெரியாது. 2022-ல் இந்தியாவில் இடித்துவிட்டு ஓடிய விபத்துகள் 67,387. அவற்றில் இறந்தவர்கள் 30,486. 2022–23 நிதியாண்டில் இழப்பீடு கேட்டு வந்த விண்ணப்பங்களோ 205. இதைக் கவனித்து உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் ஓர் உத்தரவு போட்டது: ஒரு மாதத்துக்குள் வண்டி இன்னதென்று தெரியாவிட்டால், இந்தத் திட்டம் பற்றிப் பாதிக்கப்பட்டவருக்கோ குடும்பத்துக்கோ காவல் நிலையமே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த வழக்கை 2012-ல் போட்டவர் கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு மருத்துவர் எஸ்.ராஜசேகரன். உடைந்த எலும்புகளைக் கூட்டிவைக்கும் ஒருவர் உடைக்கும் சாலையைப் பற்றி நீதிமன்றத்துக்குப் போனார் என்று படித்தபோது, என் காறை எலும்பின் மேல் ஒருமுறை கை வைத்துப் பார்த்துக்கொண்டேன்.

நடவடிக்கை விஷயத்தில் ஒரே ஒரு குறிப்பு. மரணம் விளைவித்துவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடுபவருக்கு 10 ஆண்டு வரை சிறை என்று புதிய சட்டத்தின் 106-ம் பிரிவு, 2-ம் உட்பிரிவில் எழுதினார்கள். 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் நாடெங்கும் வண்டியை நிறுத்திப் போராடினார்கள். ஜூலையில் சட்டம் நடப்புக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்திவைத்தார்கள். நான் பிழைத்துவிட்டதால் எனக்கு அது எப்படியும் பொருந்தாது. தண்டனை எத்தனை வருஷம் என்று பேசிய அளவுக்கு, அந்த 24 மணி நேரக் கதவைப் பற்றி எந்த ஓட்டுநரிடமாவது யாராவது பேசினார்களா என்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது. மூன்று மூச்சு நேரம் நின்றவருக்கு அது தெரிந்திருந்தால், மாலையிலாவது வந்திருப்பாரோ என்னவோ.

‘படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருந்தது’

வாய்மொழிப் புகாரை எழுதிப் படித்துக் காட்டி, சொன்னவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது சட்டம். படித்துக் காட்டினார். கேட்டேன். சரியாக இருந்ததா? நிழல் இல்லை, பிரேக் விளக்கு இல்லை, சாக்கு இல்லை. ஆனாலும் தலையாட்டினேன். வலியில் இருப்பவனுக்கு ஏழு வாக்கியமே நீளம்.

வலது கை கட்டில் இருந்ததால் இடது கையால் கையெழுத்துப் போட்டேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் சிலேட்டு எழுத்து மாதிரி, மேலும் கீழுமாக ஒரு கோடு.

இழப்பீட்டு விண்ணப்பத்தைக் கொடுக்கப் போனபோது என் வலது கை சரியாகியிருந்தது. அதில் வழக்கமான கையெழுத்துதான் இருந்தது. அலுவலகத்தில் இருந்தவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “ரெண்டும் ஒருத்தர் போட்டதா சார்?” கதையைச் சொன்னேன். “அப்ப இப்ப இடது கையால ஒண்ணு போட்டுக் காட்டுங்க” என்றார். போட்டேன். வேறு மாதிரி வந்தது. இன்னொன்று போட்டேன், அதுவும் அப்படி வரவில்லை. அன்றைக்கு அந்தக் கோட்டை இழுத்தவனை நானே திரும்பக் கொண்டுவர முடியவில்லை.

ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பிறகு விண்ணப்பத்தின் ஓரத்தில் எழுதினார்: ‘மனுதாரரின் அடையாளம் சரிபார்க்கப்பட்டது.’

இந்த வழக்கில் இதுவரை அடையாளம் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான்.